காது மெஷினுக்கு வயர் இல்லாத மைக் வாங்கப் போறவை, காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் ஒரு நாளைக்கு மண்டபம் எடுத்து, "இலவச காதுப் பரிசோதனை" என்று நோட்டீஸ் ஒட்டி, பின்னேரத்துக்குள் மெஷினும் மைக்கும் விற்றுவிட்டுப் போகிற ஆட்கள் வருகிறார்கள். அப்படி வந்த ஓரிடத்தில் நாங்கள் 85,000 ரூபாய் கொடுத்து ஒரு மைக் வாங்கினோம். சொன்ன வேலையை அது செய்யவில்லை. அந்த ஆட்களின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். என்ன சொல்லி விற்றார்கள், வகுப்பறையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைத்தான் விபரமாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஷெல் சத்தத்தில் காது போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டுக்காரரும் இதை வாசிக்க வேண்டும்.

என் மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு காதிலும் பின்பக்கம் மாட்டுகிற மெஷின், நீல ஸ்டிக்கர் ஒட்டின 675 பற்றறி போடுகிறது. பள்ளிக்கூடம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு. அரைச்சுவர் வகுப்பறை, தகரக் கூரை. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் இங்கே கேட்கும். மாரியில் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் நல்ல காதுள்ள பிள்ளைக்கே ரீச்சரின் குரல் கேளாது. மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருப்பிக்கும். வெளியான இடத்தில் தூரம் இரட்டித்தால் பேசுகிறவரின் குரல் 6 டெசிபெல் குறைந்துவிடும், சுற்றியுள்ள இரைச்சலோ குறையாது. ரீச்சரின் வாய்க்கு ஒரு சாண் கீழே ஒரு சின்ன மைக்கைக் குத்தி, ரேடியோ அலையில் குரலை நேரே பிள்ளையின் காதுக்குக் கொண்டு போனால் இந்தத் தூரம் இல்லாமல் போகும். நல்ல மைக் பிள்ளையின் படிப்பையே மாற்றும் என்று இப்போதும் நம்புகிறேன். மைக் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

மண்டபத்தில் நடந்தது இது. விற்றவர் ஒரு ஹெட்போனை என் காதில் மாட்டினார். "அக்கா, நீங்களே கேட்டுப் பாருங்கோ" என்று மைக்கைக் கையில் பிடித்து, என் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வாசல் வரைக்கும் போனார். குரல் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரியே இருந்தது. "நூறு மீற்றர் இழுக்கும், பெட்டியிலேயே போட்டிருக்கு" என்றார். பெட்டியில் உண்மையாகவே 100 மீற்றர் என்று இருந்தது. பிறகு மகளின் கழுத்தில் ஒரு வளையத்தைப் போட்டு, மைக்கின் அலையைப் பிடிக்கிற வாங்கியை (றிசீவர்) அதில் கொழுவினார். மகள் என்னைப் பார்த்து, "ஒண்டும் கேக்கேல்லை அம்மா" என்றாள். "அது மெஷின்ல ஒரு சின்ன செற்றிங். எங்கட ஆள் வீட்ட வந்து செய்து தருவார். இந்த விலை இண்டைக்கு மட்டும்தான்" என்றார். எழுதித் தந்த பில்லில் "அக்செசரீஸ்" என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டும்தான். மொடல் இல்லை, உத்தரவாதம் இல்லை. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் மகளின் காதைப் பார்க்கிற ஓடியோலொஜிஸ்ட்தான் விஷயத்தை விளங்கப்படுத்தினா. கழுத்து வளையம் குரலைக் காந்தப் புலமாக மாற்றி விடும். அதைப் பிடிக்க மெஷினுக்குள் ரெலிகொயில் என்ற சின்னச் சுருள் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அதற்கான புரோகிராமையும் திறந்து விட்டிருக்க வேண்டும். மகளின் மெஷினில் சுருள் இருந்தது, புரோகிராம் திறக்கப்படவில்லை. காதுக்குள் முழுவதுமாகப் போகிற சின்ன மெஷின்கள் அநேகமானவற்றில் இந்தச் சுருளே இல்லை. அப்படி மெஷின் போடுகிற ஒருவர் அந்த மண்டபத்தில் இதே வளையத்தை வாங்கியிருந்தால், அவருக்கு அது கழுத்தில் தொங்குகிற வயர் மட்டும்தான்.

அவ புரோகிராமைத் திறந்து விட்டா. மெஷினின் சொந்த மைக்கும் சுருளும் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி வைத்தா. சுருளை மட்டும் விட்டால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை கூப்பிட்டாலும் கேட்காதாம். பிறகு பெட்டியைப் புரட்டிப் பார்த்து, இது காது மெஷினுக்கென்று செய்த சாமானே இல்லை என்றா. வீடியோ எடுக்கிற பொடியள் சட்டைக் கொலரில் குத்துகிற மைக்கும் அதன் வாங்கியும், அதில் ஹெட்போன் குத்துகிற ஓட்டைக்குள் ஒரு வளையம். "காது மெஷினுக்கெண்டே செய்தது, வேற ஒண்டிலயும் வேலை செய்யாது" என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள்.

சரி, இப்போது கேட்கிறதே என்று வகுப்புக்கு அனுப்பினோம். ரீச்சர் நல்லவ, மறுபேச்சில்லாமல் சேலையில் மைக்கைக் குத்திக் கொண்டா. பிள்ளைகளைப் பார்த்துக் கதைக்கும்போது குரல் கேட்டது. கரும்பலகையில் எழுதத் திரும்பினால் குரல் அறுந்து அறுந்து வந்தது, ஒரு சொல் வரும், இரண்டு சொல் போகும். கணக்குப் பாடத்தில் ரீச்சர் எழுதிக்கொண்டே சொல்லுகிற இடம்தான் முக்கியமான இடம். மகள் கொப்பியில் பாதி வரி எழுதி, மீதிக்குப் புள்ளி புள்ளியாகப் போட்டு வைத்திருந்தாள். ரீச்சர் கதைத்துக்கொண்டே பின் வரிசை வாங்குக்குப் போனாலும் அதே கதை. ரியூப் லைற்றுக்குக் கீழே இருந்தால் காதுக்குள் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல் வேறு. அது ரெலிகொயிலோடு கூடப் பிறந்த குணம், கரண்ட் வயரின் காந்தப் புலத்தையும் அது பிடிக்கும். ஆளை இடம் மாற்றி இருத்தினால் குறையும். குரல் அறுவதற்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

விற்றவருக்கு எடுத்துச் சொன்னபோது, "ரீச்சரைத் திரும்பாம ஒரே இடத்தில நிண்டு படிப்பிக்கச் சொல்லுங்கோ" என்றார். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு ரீச்சரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அடுத்த முறை பற்றறிதான் பிரச்சினை என்றார். பிறகு, பெட்டி உடைத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு வலைப்பந்து மைதானத்தில் ரீச்சரும் மகளும் நானுமாகச் சோதித்துப் பார்த்தோம். மைதானம் முழு நீளம் 30.5 மீற்றர், மூன்று பாகமாகக் கோடு போட்டிருக்கும், ஒரு பாகம் ஏறக்குறைய 10 மீற்றர். மகள் ஒரு முனையில் நின்றாள். ரீச்சர் அவளைப் பார்த்தபடி ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு பின்னுக்குப் போனா, மகள் திருப்பிச் சொன்னாள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எல்லாம் சரியாக வந்தது. இரண்டாவது கோட்டோடு சொற்கள் விடுபடத் தொடங்கின. பிறகு ரீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தா. முதலாவது கோட்டுக்குப் போகவே இல்லை, குரல் நின்றுவிட்டது. வகுப்பறையில் அதே தூரத்தில் திரும்பி நின்றால் அறுந்தறுந்தாவது வந்தது. வெளியில் அதுவும் இல்லை.

காரணம் இதுதான். இந்த மைக்குகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. அந்த அலையின் நீளம் 12 சென்ரிமீற்றர் அளவுதான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். நெஞ்சில் மைக்கைக் குத்தின ஆள் திரும்பினால் அவரின் உடம்பே நடுவில் நிற்கிற சுவர். நாலு பக்கமும் சுவர் உள்ள மண்டபத்தில் அலை சுவரில் பட்டுத் திரும்பி வேறு வழியால் வந்து சேரும். அரைச்சுவர் வகுப்பில் அந்த உதவி குறைவு, மைதானத்தில் அறவே இல்லை. அதனால் மண்டபத்தில் முகம் பார்த்து நடந்து காட்டினதை வைத்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டியில் போடுகிற மீற்றர் கணக்கு, நடுவில் ஒன்றும் மறைக்காத வெளியில் கிடைக்கக்கூடிய ஆகக்கூடின தூரம். பெயர் பெற்ற காது மெஷின் கொம்பனிகள் தங்கள் மைக்குகளுக்குப் போடுகிற தூரம் பெரும்பாலும் 10, 20, 25 மீற்றர் என்றுதான் இருக்கும். போனாக் என்ற காது மெஷின் கொம்பனியின் றோஜர் மைக் போன்றவை இதே 2.4 அலைவரிசைதான், ஆனால் இடைஞ்சல் இருக்கிற இடத்தை விட்டு விட்டு அலையை மாற்றி மாற்றித் தாவுகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். விலை அதிகம்தான். அவற்றுக்கும் உடம்பு மறைப்புத்தான், ஆனால் 100 மீற்றர் என்று சொல்லி ஒருவரும் விற்பதில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் மெஷினின் பெயரையும் மொடல் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கோ. ஒரு கொம்பனியின் மைக் அநேகமாக அதே கொம்பனியின் குறிப்பிட்ட மெஷின்களோடு மட்டும்தான் சேரும். "புளூடூத் இருந்தாக் காணும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண புளூடூத்தில் குரல் பிந்தி வரும், உதட்டைப் பார்த்து விளங்குகிற பிள்ளைக்கு அது பெரிய கரைச்சல். ஹெட்போனில் நீங்கள் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை, மெஷின் போடுகிறவர் தன் மெஷினால் கேட்க வேண்டும். மைக் குத்தினவரைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கோ, வாசலுக்கு வெளியே போய்க் கதைக்கச் சொல்லுங்கோ. ஒரு கிழமை பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சக் காசைத் தாறம் என்று கேளுங்கோ. சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

பில் கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. பொருளின் பெயர், மொடல், "காது மெஷினோடு பாவிக்க" என்ற வசனம், உத்தரவாதக் காலம் எல்லாத்தையும் அதில் எழுதி வாங்குங்கோ. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) விசாரிக்கலாம்.

இதே மாதிரி மண்டப முகாமில் மைக் வாங்கி, பில்லில் "அக்செசரீஸ்" என்று மட்டும் எழுதி வாங்கினவர்கள் யாரும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கோ. பில்லின் போட்டோ, பெட்டியின் போட்டோ, முகாம் நோட்டீஸ் கைவசம் இருந்தால் அதையும் அனுப்புங்கோ. எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பம். உங்களுடைய 3 மாதம் முடிய முதல் எழுதுங்கோ.