மதுரையில் நாங்கள் சென்ற மரபணு ஆலோசனை மையம்: ஒரு மதிப்புரை

என் தங்கை எங்கள் அம்மாவின் கடைசித் தம்பியை மணந்தவள். 2021ஆம் ஆண்டு பிறந்த அவர்களுடைய முதல் குழந்தை 2.9 கிலோ எடையுடன் நன்றாக அழுதுகொண்டுதான் பிறந்தது. மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. எழுப்பினாலும் கண் திறக்காமல், மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. ஆறாம் நாள் இறந்துவிட்டது. கிருமித் தொற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதங்கள் கழித்து, வேறொரு குழந்தைநல மருத்துவர் அந்த மருத்துவமனைத் தாள்களைப் படித்துப் பார்த்து, அடுத்த கருவுக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவது அவசியம் என்று கடிதம் கொடுத்து அனுப்பிய இடம்தான் மதுரையிலுள்ள இந்தத் தனியார் மையம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படியொரு சேவையில் என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது திண்டுக்கல்லிலோ தேனியிலோ இருக்கும் இன்னொரு குடும்பத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்போது முதல் சந்திப்புக்குக் கட்டணம் 1,500 ரூபாயாக இருந்தது. பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துப் போனோம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைத்துப் பேசினார்கள். ஆலோசகர் கணினியைத் தொடவேயில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பென்சிலால் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்தார். கணவனையும் மனைவியையும் இணைக்க ஒற்றைக் கோடு. அவர்கள் சொந்தக்காரர்களாக இருந்தால் இரட்டைக் கோடு. தங்கைக்கும் மாமாவுக்கும் இடையில் இரட்டைக் கோடு விழுந்தது. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் என்ன உறவு என்று கேட்டார். தாத்தா பாட்டிக்கு அத்தை மகன் என்று அம்மா சொன்னதும் அங்கேயும் இன்னொரு இரட்டைக் கோடு விழுந்தது. பிறகு, பாட்டிக்குப் பிறந்து தங்காமல் போன குழந்தைகள் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு குழந்தைகள், இரண்டும் பிறந்து பத்து நாளைக்குள் போய்விட்டன என்று அம்மா சொன்னபோதுதான் அந்தச் செய்தியே எங்களுக்குத் தெரிந்தது. நாற்பது வயதான மாமாவுக்குக்கூடத் தனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்தார்கள் என்பது அதுவரை தெரியாது. அந்த இரண்டு பேருக்கும் தாளில் குறியிட்டு, அவற்றின் குறுக்கே சாய்கோடு இழுத்தார் ஆலோசகர். அந்தக் காலத்தில் பச்சிளங்குழந்தைகள் பல காரணங்களால் இறந்ததுண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்றும் உடனே சொன்னார். இந்த மையத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். பின்னால் செய்த விலை உயர்ந்த பரிசோதனைகள் எல்லாம் அந்தத் தாளில் எழுந்த சந்தேகத்தைப் பின்தொடர்ந்து போனவையே.

சொந்தத்தில் மணம் செய்வதைப் பற்றி அவர் பேசிய விதத்தையும் குறிப்பிட வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடந்திருக்கின்றன. அங்கே வருகிறவர்களில் பலருக்கு இதுவே முதல் கேள்வியாகவும் முதல் குற்ற உணர்வாகவும் இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பார்கள் என்பதை அவர் விளக்கினார். எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அத்துடன் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் உறவில் அதைவிடச் சற்று அதிகம். உறவில் மணந்த பெரும்பாலானோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன என்பதையும், ஆனால் மரபணுவில் ஒரே மறைந்த பிழை இருவரிடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். தங்கையின் பக்கம் திரும்பி, "இது நீங்க சாப்பிட்டதுனாலயோ வேலை செஞ்சதுனாலயோ வந்தது இல்லம்மா" என்றார். எட்டு மாதங்களாக மாமியார் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அவள் கேட்ட கேள்விகளுக்கு அதுவரை யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அவள் அங்கேயே அழுதாள். ஆலோசகர் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார்.

அடுத்ததாக, இந்த மையம் தாயின் உடல்நிலையை மரபணுவிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. மரபணு மையத்தில் இரத்தசோகையைப் பற்றி இவ்வளவு பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கைக்கு ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, சிவப்பணுக்களின் அளவும் சிறியதாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைவிலும், பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் கேரியர் நிலையிலும் (மரபணுப் பிழையைச் சுமந்தாலும் தனக்கு நோய் வராத நிலை) சிவப்பணு இப்படிச் சிறுத்திருக்கும் என்பதால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனையைச் செய்தார்கள். இரும்புச்சத்து மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சோதனையே ஏமாற்றக்கூடும் என்று, மூன்று மாதம் மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடியும் செய்தார்கள். தலசீமியா இல்லை. முன்பு சொன்ன 2019–21 தேசிய ஆய்வின்படி நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கும்போது, இந்தப் பொறுமை எல்லா இடங்களிலும் இருக்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்தார்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்கச் சொன்னார்கள். குழந்தையின் தண்டுவடமாகப் போகும் குழாய் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்வதால், நாள் தள்ளிப்போனது தெரிந்து மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதுதான் காரணம்.

மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்சோம் பரிசோதனையை இருவருக்கும் சேர்த்து எடுத்ததற்கு 38,000 ரூபாய் ஆனது. முடிவு வர ஆறு வாரம் பிடித்தது. மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற நோய்க்கான மரபணுவில் ஒரே பிழையை, தங்களிடம் உள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருவரும் சுமந்தார்கள். புரதத்தின் சில பகுதிகளை உடல் உடைக்க முடியாமல், பால் குடிக்கத் தொடங்கிய சில நாட்களில் அமிலமும் அம்மோனியாவும் இரத்தத்தில் ஏறும் நோய் அது. வெளிப்பார்வைக்குக் கிருமித் தொற்றைப் போலவே இருக்கும். எங்கள் குழந்தைக்கு அதுதான் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல, அதன் இரத்தம் ஒரு சொட்டுகூட எங்கும் இல்லை. ஒரு வடிதாளில் நான்கு சொட்டு இரத்தத்தைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்று ஆலோசகர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. காரணம் விளங்காமல் பச்சிளங்குழந்தை ஒன்று மோசமாகிக்கொண்டிருக்கும் வீட்டார், இந்த வடிதாள் மாதிரியை எடுத்து வைக்கச் சொல்லி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

தாயின் சத்தும் மரபணுவும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை இந்த நோயே எங்களுக்குக் காட்டியது. எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. தங்கைக்கு வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. தாய்க்கு பி12 குறைந்தால், மரபணுக் கோளாறே இல்லாத குழந்தையின் இரத்தத்திலும் இதே அமிலம் கூடுதலாகத் தெரிந்து, பிறந்த பிறகு செய்யும் சோதனையைக் குழப்பிவிடுமாம். ஆகவே முதலில் ஊசி போட்டு அதைச் சரிசெய்த பிறகே கருவுக்கு முயலச் சொன்னார்கள். இந்த ஒரு கண்ணியைப் பிடித்ததற்காகவே இந்த மையத்தை நான் பிறருக்குச் சொல்வேன்.

இனி குறைகள். ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். நேரம் குறித்துக் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். காத்திருக்கும் கூடத்தில் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படங்கள் மாட்டியிருக்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்களும் வந்து உட்காரும் இடம் அது என்பதை யாராவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான்கு பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டதற்கு அப்படி வழக்கமில்லை என்றார்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் தந்தது முன்மேசையில் நடந்தது. தங்கை கருவுற்றுப் பத்தாவது வாரத்தில் போனபோது, தாயின் இரத்தத்திலிருந்தே கருவின் மரபணுவைப் பார்க்கும் என்ஐபிடி சோதனையை, அது எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதுபோல அங்கிருந்த பணியாளர் விற்க முயன்றார். அது முக்கியமாக டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளுக்கான சல்லடை. அதிலும் உறுதி முடிவு தராது. எங்கள் குடும்பத்து நோயை அது தேடவே தேடாது. உள்ளே ஆலோசகர் இதைத் தெளிவாகச் சொன்னார். அவரைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பன்னிரண்டாவது வாரத்தில், ஸ்கேனைப் பார்த்தபடி வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியின் திசுவைச் சிறிது எடுத்தார்கள். கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று முன்பே சொல்லி, யோசிக்க ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். எடுத்த திசுவில் தாயின் செல்கள் கலந்திருந்தால் முடிவு தவறிவிடும் என்பதற்காகத் தங்கையின் இரத்தத்தையும் அதே நாளில் எடுத்து ஒப்பிட்டார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என, கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கையெழுத்தும் வாங்கினார்கள். இதற்கு 22,000 ரூபாய் ஆனது. பதினெட்டு நாள் கழித்து வந்த முடிவு, குழந்தையும் பெற்றோரைப் போலக் கேரியர் மட்டுமே என்றது, நோய் வராது. பழைய தாளை எடுத்து, பாலினம் தெரியாத கருவுக்கு இடும் குறியான ஒரு சாய்சதுரத்தை ஆலோசகர் வரைந்து, கேரியர் என்பதற்கு அடையாளமாக அதில் பாதியை மட்டும் பென்சிலால் நிரப்பினார்.

மருத்துவ அறிவுக்கும் பேச்சுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், நிர்வாகத்துக்கு இரண்டு. உறவுக்குள் மணம் முடித்தவர்கள், காரணம் தெரியாமல் குழந்தையை இழந்தவர்கள், குடும்பத்தில் தலசீமியா போன்ற நோய் இருப்பவர்கள் கருவுக்கு முன்பே போக வேண்டும். கரு தங்கிய பிறகு போனால் வாரக்கணக்கு துரத்தும். பழைய மருத்துவத் தாள்கள் அத்தனையையும், முடிந்தால் வீட்டின் மூத்த பெண் ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். எங்கள் அம்மா வந்திருக்காவிட்டால் அந்த இரண்டு சாய்கோடுகள் தாளில் விழுந்திருக்காது.

2023 இறுதியில் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி வடிதாளில் இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு உட்பட எல்லாம் சரியாக இருந்தன. நாற்பத்தைந்தாம் நாள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆலோசகர் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி, சாய்சதுரத்தை ரப்பரால் அழித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.