கட்டடத்துக்குள்ளே ஒரு ஸ்பீட் டெஸ்ட்: கிளிநொச்சியில் லிப்ரேஸ்பீட்டோடு இரண்டு வருடம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்னக் கல்வி நிலையம் நடத்துகிறோம். மூன்று வகுப்பறை, 14 கணினி, ஒரு பைபர் இணைப்பு. எங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டக்கூடிய ஸ்பீட் டெஸ்ட் மென்பொருள் லிப்ரேஸ்பீட். 2023 ஆடி மாதம் அங்கே அதை ஒரு டொக்கர் கன்டெய்னராக, அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிபோல வைத்து ஓட்டும் முறையில், போட்டேன். இரண்டு வருடமாக ஓடுகிறது.

போட வைத்தது ஒரு பிள்ளையின் வார்த்தை. "சேர், வீடியோ நிண்டு நிண்டு வருது." மூன்றாவது வகுப்பறையிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவையாவது இந்த முறைப்பாடு வரும். இணைப்புத் தந்தவர்களுக்கு அடித்தால், "எங்கட பக்கம் லைன் கிளியர், தம்பி" என்பார்கள். நான் போனில் வழக்கமான ஸ்பீட் டெஸ்ட் ஒன்றை ஓட்டிப் பார்ப்பேன், 11 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 11 மெகாபிட்) காட்டும். நாங்கள் காசு கட்டுவது 100க்கு. உடனே அவர்களோடு சண்டை.

அந்த 11 என்ற எண் எங்கே பிழை என்று சொல்லாது. போனிலிருந்து வைஃபை, வைஃபையிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து பைபர், அங்கிருந்து எங்கோ இருக்கும் ஒரு சேர்வர் என்று முழுப் பாதையையும் அது ஒரே மூச்சில் அளக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு ஏறவில்லை என்றால் குளத்துக் கதவா, பெரிய வாய்க்காலா, எங்கள் வரம்போரத்து வாய்க்காலா என்று நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். அளக்கும் சேர்வரை எங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்தால் வரம்போரத்து வாய்க்காலை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

போடுவது பெரிய வேலை இல்லை. ஒரு அலுவலகம் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டொப்பை வாங்கி டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் டொக்கர். எதை எப்படி ஓட்டுவது என்று டொக்கருக்குச் சொல்லும் கொம்போஸ் கோப்பில் பத்துப் பன்னிரண்டு வரி: மோட் என்ற இடத்தில் ஸ்டாண்டலோன், போர்ட் 8080, பெறுபேறுகளைச் சேமிக்க டெலிமெட்ரியை ட்ரூ என்று வைத்து ஒரு கடவுச்சொல். பிறகு பிரவுசரில் அந்தக் கணினியின் ஐபியை அடித்தால் பக்கம் வந்துவிடும். போனில் எந்த அப்பும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சேர்வரைக் கேபிளில்தான் கொழுவ வேண்டும். அதுவும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றை இரண்டு தடவை கடக்கும் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

முதல் நாளே சண்டைக்கு விடை கிடைத்தது. மூன்றாவது வகுப்பறையில் லிப்ரேஸ்பீட் காட்டியது 13. இணையத்தைத் தொடாமலே 13! அந்த வகுப்பறை பின்வளவில் தனியாகத் தகரம் அடித்துக் கட்டியது. கூரையும் தகரம், மூன்று பக்கமும் தகரம். வைஃபை அலை உலோகத்தைத் தாண்டுவது மிகக் கடினம். இத்தனை மாதமும் நான் பேசிய பேச்சு முழுவதும் பிழையான ஆளோடு. கேபிள் இழுத்து, உள்ளேயே வைஃபை தரும் அக்சஸ் பொயின்ட் ஒன்றை வைத்தேன். அன்று பின்னேரமே அதே வாங்கிலிருந்து 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் 300க்கு மேல் வந்தது.

இரண்டாவது கதைதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. 2024 தொடக்கத்தில் முதலாவது வகுப்பறையின் எல்லாக் கணினியும் 99, 98, 99 என்று ஒரே இடத்தில் நின்றன. முன்பு 900க்கு மேல் காட்டியவை. எண் கூடிக் குறைந்து ஆடினால் நெரிசல் என்று நினைக்கலாம். இப்படி ஆடாமல் அசையாமல் 100க்குக் கீழே நின்றால் எங்கோ ஒரு கேபிள் கிகாபிட்டிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) 100க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு சோடி. கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் ஏறிப் பார்த்தால் அணில் கடித்து வைத்திருந்தது. இரண்டு சோடி அறுந்தும் இணையம் வேலை செய்துகொண்டே இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் பைபரும் 100 தான், ஆகவே வெளி ஸ்பீட் டெஸ்ட் இதைக் கடைசிவரை காட்டியிருக்காது. வகுப்புக் கோப்புகளைச் சேர்வரிலிருந்து இறக்கும்போதுதான் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள்.

அதே கேபிளில் ஐபேர்ஃப்3 என்ற இன்னொரு வேகம் அளக்கும் கருவியைப் போட்டால் 94 காட்டும், லிப்ரேஸ்பீட் 99 காட்டும். இரண்டும் சரிதான். தரவின் ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் ஒட்டும் டிசிபி, ஐபி, ஈதர்நெட் தலைப்புகளுக்குப் போகும் இடத்தையும் கணக்கில் எடுக்க லிப்ரேஸ்பீட் தான் அளந்ததை 1.06 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அமைப்பில் மாற்றலாம், நான் மாற்றவில்லை. ஆனால் இரண்டு கருவியின் எண்களை ஒப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பிழையைத் தேடி ஒரு நாள் போய்விடும்.

இன்னொன்று, அளப்பது பிரவுசர். தரவிறக்கத்துக்கு ஆறு இணைப்பை ஒன்றாகத் திறந்து, சுருக்க முடியாத எழுமாற்றுத் தரவை இழுக்கிறது. பழைய மடிக்கணினியின் சிபியு அதற்கே களைத்துவிடும். எங்களிடம் உள்ள ஒரு பழைய மடிக்கணினி கிகாபிட் கேபிளிலும் 600ஐத் தாண்டியதில்லை. அது வலையமைப்பின் குறை இல்லை. எந்தக் கருவியில் எவ்வளவு வரும் என்று நல்ல நாளிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழுதான நாளில் அந்தக் கொப்பிதான் உதவும்.

உள்ளே எல்லாம் சரியான பிறகும் ஒரு பிரச்சினை மிஞ்சியது: இரவு ஏழிலிருந்து பத்து மணிவரை சூம் வகுப்பு இழுபடும். லிப்ரேஸ்பீட் முழு வேகம் காட்டும். அப்படியென்றால் வெளியேதான். இதற்கு ஸ்பீட்டெஸ்ட் டிராக்கர் என்ற இன்னொரு கன்டெய்னரைப் பக்கத்தில் போட்டேன். அது ஸ்பீட்டெஸ்ட் தளத்தை நடத்தும் ஊக்லாவின் கட்டளைவரிக் கருவியை வைத்து நேரம் பார்த்து வெளி வேகத்தை அளந்து வரைபடமாக வைக்கும். முதலில் மணிக்கொரு தடவை என்று வைத்துவிட்டேன். 100 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு 12.5 மெகாபைட், பத்துச் செக்கன் இழுத்தால் 125 மெகாபைட், நாளுக்கு 24 தடவை என்றால் 3 ஜிபி, மாதம் 90 ஜிபி. பதிவேற்றம் வேறு. டேட்டா அளவு போட்ட பக்கேஜ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நேரத்தை வையுங்கள். நான் நாளுக்கு நான்கு தடவையாகக் குறைத்தேன், அதில் இரண்டு இரவு வகுப்பு நேரத்தில். உள்ளே ஓடும் லிப்ரேஸ்பீட்டை எத்தனை தடவை ஓட்டினாலும் டேட்டா ஒரு துளியும் போகாது.

ஆறு கிழமை வரைபடத்தையும் உள் அளவீட்டையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு இணைப்புத் தந்தவர்களின் அலுவலகத்துக்கே போனேன். உள்ளே 900, அதே நிமிடம் வெளியே 18 என்று தாளில் பார்த்த பிறகு "உங்கட வைஃபை பிழை" என்று யாரும் சொல்லவில்லை. ஆள் அனுப்பினார்கள், இணைப்பை வேறு போர்ட்டுக்கு மாற்றினார்கள். இரவு வேகம் இப்போது 70க்குக் கீழே இறங்குவது அரிது.

இரண்டு வருடத்தில் நானாகக் கெடுத்துக்கொண்டதும் உண்டு. பெறுபேறுகள் இருக்கும் தரவுத்தளக் கோப்புறையை வொலியூமாகக் கன்டெய்னருக்கு வெளியே எடுத்து வைக்காமல் புதிய இமேஜுக்கு (கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) மாறினேன். கன்டெய்னர் போனதோடு ஐந்து மாதப் பெறுபேறும் போயிற்று. அந்த ஐந்து மாதத்தில் மாரி மழைக்காலமும் இருந்தது, அதுதான் மனவருத்தம். இப்போது கோப்புறை வெளியே இருக்கிறது, இமேஜுக்கும் லேட்டஸ்ட் என்று விடாமல் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

கரண்ட் போய் வரும் ஊரில் கொம்போஸ் கோப்பின் ரீஸ்டார்ட் என்ற வரியில் அன்லெஸ்-ஸ்டொப்ட் என்று வைக்காமல் விடாதீர்கள். அதுவும் போதாது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்ப, அதைத் தொடக்கிவைக்கும் பயோஸிலும் ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் போட வேண்டும். ஐப்பசி இடி மின்னலுக்கு ஒரு வலையமைப்புச் சுவிட்சைப் பறிகொடுத்த பிறகு, வானம் கறுத்தால் பின்வளவுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடுகிறோம். பைபருக்கு மின்னல் பயம் இல்லை, செப்புக் கேபிளுக்கு உண்டு.

கனடாவில் இருக்கும் அண்ணா, "எனக்கும் அந்த லிங்கைத் தா, அம்மாவோட கதைக்கேக்க ஏன் படம் உடையுது எண்டு பாப்பம்" என்று கேட்டார். பொது இணையத்தில் திறந்து விட எனக்கு மனமில்லை, யாரும் வந்து எங்கள் வேகத்தைக் குடித்துவிடலாம். தெரிந்த கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையமைப்பான டெய்ல்ஸ்கேல் வழியாக அவருக்கு மட்டும் கொடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருக்குத் தரவிறக்கமாகத் தெரிவது எங்கள் பதிவேற்றம். அம்மாவின் முகம் உடைவதற்குக் காரணம் அந்தப் பதிவேற்றம்தான் என்று அவருக்கும் விளங்கியது. ஆகவே நிலையத்தில் வகுப்புக் காணொளிகளை மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றும் வேலையை விடியப்புறத்துக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது பிள்ளைகளே வகுப்புக்கு முதல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "சேர், உள்ளுக்க சரி, வெளியிலதான்" என்கிறார்கள். அடுத்ததாகப் புதுக்குடியிருப்பில் ஒரு நண்பரின் நிலையத்துக்கு இதே அமைப்பைப் போடப்போகிறோம். அவரிடம் ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் ஈதர்நெட் 100 தான், அணில் கடித்த கேபிளும் நல்ல கேபிளும் அதற்கு ஒன்றாகவே தெரியும். ஆகவே கிகாபிட் உள்ள பை 4 ஒன்று பாவித்த விலைக்குத் தேடுகிறேன்.