பிளனேரியாவுக்குக் கண்ணாடிப் பொறி: காசுக்குத் தகுமா?

பிளனேரியா என்பது இறால் தொட்டியில் தொல்லை தரும் தட்டைப்புழு. பெங்களூரில் செர்ரி இறால் (தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சிறு நன்னீர் இறால்) வளர்ப்பவர்களுக்குச் சிவாஜிநகர் அலங்கார மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பது இதைப் பிடிக்கும் பொறி. விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்பக்கம் குறுகிப் போகும் துளைகள், ஒரு முனையில் மூடி. வேலை செய்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கிற அளவுக்கு அல்ல.

வாங்குமுன் புழுவை உற்றுப் பாருங்கள். முக்கோணத் தலை, இரண்டு கண்புள்ளி, கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போகிற நடை இருந்தால் பிளனேரியா. நூலாக நெளிந்து நீந்துவது கழிவு தின்னும் புழு. அதற்குப் பொறி தண்டச் செலவு.

பொறிக்குள் இரையாகப் பட்டாணி அளவு கோழி ஈரல் போதும். குழாயைத் தண்ணீருக்குள் சாய்த்துக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். குமிழி நின்றால் மிதக்கும். விளக்கணைத்ததும் மணலோடு ஒட்டிப் படுக்கவைத்து 2 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் ஈரல் அழுகி அம்மோனியா ஏறும், வயிறு நிரம்பிய புழுக்களும் வந்த வழியே திரும்பிவிடும். இறால் குஞ்சும் உள்ளே போகும் என்பது இதன் பெரிய குறை. வெள்ளைத் தட்டில் கொட்டிக் குஞ்சைப் பிரித்தபின் புழுக்களைக் கொதிநீரில் போடுங்கள். தொட்டிக்குள் நசுக்கினால் துண்டுக்கொரு புழு முளைக்கும்.

“பொறி எதுக்கு சார், கௌராமி மீன் விடுங்க” என்பார்கள் கடையில். தட்டைப்புழுவின் சளி பல மீன்களுக்கு ஆகாது, வாயில் வாங்கித் துப்பிவிடும். இறால் குஞ்சையோ துப்பாது. ஏரியில் இந்தப் புழுவைத் தின்பவை வேறு. புழுவுக்கு எலும்போ ஓடோ இல்லாததால், அதைத் தின்ற உயிரின் குடலில் தடயம் நிற்காது. அதனால் ரெனால்ட்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டன் ஏரிகளில் எதிர்ச்சீரம் (புழுவின் புரதத்தை அடையாளம் காட்டும் சீரம்) கொண்டு ஏரி உயிர்களின் குடலைச் சோதித்தார்கள். முடிவுகள் 1971இல் வெளிவந்தன. புழுவைத் தின்றதாக அகப்பட்டவற்றில் தட்டான், ஊசித்தட்டான் ஆகியவற்றின் இளம்புழுக்களும் அட்டைகளும் உண்டு. செடியோடு தட்டான் புழு ஒன்று வந்துவிட்டால் பிளனேரியாவுக்கு முன் இறால்தான் காலி.

பாக்குச் சாறு கலந்த மருந்துகளும் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தும் பொறியைவிட வேகமானவை. ஆனால் நத்தை இருக்கும் தொட்டியில் வேண்டாம், நெரைட் வகை நத்தை செத்துப்போகும்.

பொறி முட்டைக்கூட்டைத் தொடாது. அதனால் 3 இரவு தொடர்ந்து வைத்து, தீனியைப் பாதியாகக் குறைத்து, 2 வாரம் கழித்து மறுபடி 3 இரவு வையுங்கள்.