கொழும்பு வீதியில் சைக்கிள்: ஓரத்தை விட்டு ஓடிப் பழகிய அனுபவம்

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கொழும்பில் சைக்கிள் எடுத்தவர்கள் பலர். கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்து வரிசைகள் குறைந்ததும் நிறையப் பேர் அதை மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்துவிட்டார்கள். நான் விடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போவதும் வருவதும் இன்றுவரை லுமாலா சைக்கிளில்தான். இத்தனை காலம் பத்திரமாக ஓடியது எப்படி என்று கேட்டால், வாங்கிய சாமான்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்வேன்: வீதி ஓரத்தை ஒட்டி ஓடாதீர்கள்.

சின்ன வயதிலிருந்தே "ஓரமாப் போ" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் நான் போகும் வழியான, காலி நகர் நோக்கிச் செல்லும் காலி வீதியின் இடது ஓரத்தைப் பாருங்கள். கான் மூடி, அதைச் சுற்றி மண், கடைக்கு முன்னால் நிறுத்திய கார், ஆளை இறக்க நிற்கும் ஆட்டோ. கார்க் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீற்றர் வீதிக்குள் வந்துவிடும். ஓரத்தில் போகிறவர் ஒவ்வொரு காரையும் சுற்றி வெளியே வந்து, திரும்ப உள்ளே போகிறார். பின்னால் வருபவருக்கு அது திடீர் திருப்பம். நான் நிறுத்திய வாகனங்களிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, நேராகவே போகிறேன். ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அடிக்கிறவர் என்னைக் கண்டுவிட்டார்.

பெரிய விஷயம் பஸ்தான். 100, 101 இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும், நம்மையும் முந்தும், உடனே இடப்பக்கம் வெட்டித் தரிப்பிடத்தில் நிற்கும். அப்போது பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அதற்குள் நுழையவே கூடாது. சாரதிக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது, பஸ் நிற்க முன்னமே ஆட்கள் குதிப்பார்கள். நான் பார்ப்பது மிதிபலகையில் நிற்கும் நடத்துநரை. அவர் கையை வெளியே நீட்டித் தாழ்த்தினால் பஸ் ஓரங்கட்டப் போகிறது. "யங்" (சிங்களத்தில் "போவோம்") என்று குரல் கொடுத்தால் கிளம்பப் போகிறது. கண்டு பழகிய ஒருவர் "மல்லி, பலாகென" (தம்பி, பார்த்து) என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார். நான் பின்னாலேயே நின்றுவிடுவேன். பஸ் நீண்ட நேரம் நின்றால் மட்டும், வலப்பக்கம் திரும்பிப் பார்த்து, கை காட்டி முந்துவேன்.

சரி, சாமான்கள். ஹாண்டிலின் வலது நுனியில் பூட்டிய சின்ன வட்டக் கண்ணாடிதான் போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது. குண்டு குழியில் ஆடும், இடைக்கிடை இறுக்க வேண்டும். ஆனாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். நாம் திரும்பிப் பார்ப்பதைக் கண்டால் பின்னால் வருபவரும் வேகத்தைக் குறைக்கிறார்.

பின்லைட்டைப் பகலிலும் எரிய விடுகிறேன். முதல் வாங்கியது மழைத்தண்ணீர் உள்ளே போய்ச் செத்துவிட்டது. சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ஹெல்மெட்டின் உட்பக்கம் ஈஎன் 1078 என்று, சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரக் குறியீடு, இருக்க வேண்டும், ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்றிவிட வேண்டும். அது விழுந்த பிறகுதான் உதவும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நெரிசலுக்குப் பயந்து கடலோரமாகப் போகும் மரைன் டிரைவ் வீதியைப் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்காற்றின் உப்பு பிறேக் வயரைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். என்னுடையதில் வெளியுறை புதிதுபோலவே இருந்தது, லீவருக்குள் போகும் இடத்தில் உள்கம்பி இழை இழையாகப் பிரிந்து, பாதி அறுந்திருந்தது! கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டு, வயரை அறும் முன்னமே மாற்றுகிறேன்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை கொட்டும்போது ரிம் ஈரமாகி, பிறேக் கட்டை முதலில் வழுக்கி, கொஞ்சம் கழித்தே பிடிக்கும். வீதியில் பூசிய வெள்ளைக் கோடும் கான் மூடியும் சோப்புப் போட்டதுபோல் இருக்கும். அப்படியான நாளில் பம்பலப்பிட்டியில் தெரிந்த ஒரு கடை வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறேன். கடைக்கார அண்ணா ஒன்றும் சொல்வதில்லை, மறுநாள் காலை அவர் கடை திறக்க முன் எடுத்தால் போதும்.