மறுபடியும் உடைந்த இறக்கை: 962சி-யோடு நான்கு ஆண்டுகள்

நேற்று இரவு என் குட்டி போர்ஷே 962சி காரின் பின் இறக்கையை நான்காவது முறையாக ஒட்டினேன். காயும்வரை அசையாமல் இருக்க நூலால் சுற்றிக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நண்பர் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது. "முதல் ஸ்லாட் கார் வாங்கப் போறேன். உங்ககிட்ட இருக்கறதுல எது நல்லா ஓடும்?" ஸ்லாட் கார் என்பது தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் சின்ன மின்சாரக் கார். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் விரலில் பசை காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு வரியில் முடிக்க மனசு வரவில்லை.

நன்றாக ஓடுவது இந்த போர்ஷே 962சி-தான். 1:32 அளவு, அதாவது நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு. நிஜக் கார் 1986, 1987 இரண்டு ஆண்டும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. என்னிடம் இருப்பது 15 சென்டிமீட்டர். மோட்டார் நீளவாக்கில் படுத்திருக்கும். மோட்டாரில் 9 பல் பினியன், பின் அச்சில் 28 பல் கிரவுன், இரண்டும் பல்சக்கரங்கள். தடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் உலோகப் பின்னலான பிரெய்டு தேயும், மாற்றிக்கொள்வேன். பின் டயரை ரிம்மோடு ஒட்டி, உப்புத்தாளின் மேல் சுழலவிட்டு வட்டம் சரி செய்தேன். இதெல்லாம் எந்தக் காருக்கும் செய்கிற வேலை, இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

முதல் ஆறு மாதம் அடியில் காந்தத்தோடுதான் ஓட்டினேன். தடத்தின் உலோகப் பட்டையை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 12 மீட்டர் தடத்தை 5.1 விநாடியில் சுற்றி வந்தது. வேகம்தான், ஆனால் கைக்கு ஒன்றும் தெரியாது. வளைவில் ஒட்டிக்கொண்டே போகும், பிடி விட்டுப்போன அந்த நொடியில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பறந்துவிடும். ஒருநாள் காந்தத்தைக் கழற்றினேன். முன்னால் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும் கைடுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சின்ன ஈயத் தகடு ஒன்று வைத்தேன். பாடியைப் பிடிக்கும் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தினேன். சுற்று நேரம் 6 விநாடிக்கு ஏறியது. அன்றைக்குத்தான் இந்தக் காரை முதன்முதலாக ஓட்டினேன் என்று சொல்லலாம்.

நீண்ட நேர்ப்பாதை முடிந்து இடப்பக்கம் ஒரு வளைவு வரும். அங்கே கையில் பிடித்திருக்கும் வேகக் கன்ட்ரோலரின் ட்ரிகரை முழுசாக விட்டால், அது மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிடும், மோட்டாரே பிரேக்காகிவிடும். மூக்கு வளைவுக்குள் நுழைந்ததும் ட்ரிகரைக் கால்வாசி அழுத்த வேண்டும். அப்போது வால் மெல்ல வெளியே வரும். கைடு பள்ளத்தில் நிற்க, அதை மையமாக வைத்து மொத்தக் காரும் சாயும். மோட்டாரின் சத்தம் ஒரு படி ஏறும். விரலை ஒரு மயிரிழை தளர்த்தினால் வால் உள்ளே திரும்பும், ஒரு மயிரிழை அழுத்தினால் இன்னும் விரியும். அந்த அரை விநாடிக்காகவே மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். 12 மீட்டரை 6 விநாடியில் என்றால் விநாடிக்கு 2 மீட்டர், மணிக்கு 7.2 கிலோமீட்டர்தான். அதையே 32-ஆல் பெருக்கிப் பாருங்கள், 230 வரும். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

என்னிடம் 962-க்கு முந்தைய மாடலான போர்ஷே 956-உம் இருக்கிறது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஓட்டத்தில் வேறு. நிஜ 956-இல் ஓட்டுநரின் பாதம் முன் அச்சையும் தாண்டி முன்னால் இருந்தது. அமெரிக்கப் பந்தய விதி அதை ஏற்கவில்லை. அதனால் முன் சக்கரங்களை 12 சென்டிமீட்டர் முன்னே தள்ளி 962 பிறந்தது. 1:32 அளவில் அது 4 மில்லிமீட்டர்கூட இல்லை. இருந்தாலும் 956-இன் வால் சட்டென்று வீசும், 962-இன் வால் சொல்லிவிட்டு வரும். ஓட்டுநரின் காலைக் காப்பாற்ற நீட்டிய நீளம் என் மேசையில் எனக்குக் கைகொடுக்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

சரி, இறக்கைக்கு வருகிறேன். வால் வெளியே வருவதுதான் இந்தக் காரின் அழகு. வெளியே வரும் வால் என்றாவது ஒருநாள் தடுப்பில் மோதத்தான் செய்யும். அந்த வாலின் கடைசி நுனியில், மோதலை முதலில் வாங்கும் இடத்தில், தீக்குச்சி முறிகிற மாதிரி முறியும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இறக்கையை வைத்திருக்கிறார்கள். முதல் முறை இரண்டாவது மாதமே போனது. வேகப்பசை போட்டேன், பிடித்தது, ஆனால் அதன் ஆவி பட்டு சுற்றிலும் பெயின்ட் வெள்ளை பூத்துவிட்டது. அடுத்த முறை பசைக்குப் பக்கத்திலேயே விரிந்தது. மூன்றாவது முறை உள்ளே மெல்லிய கம்பி வைத்துப் பார்த்தேன். இறக்கை நின்றது, அது உட்காரும் பக்கத் தகடு பிய்ந்தது! வளைந்து கொடுத்து நிமிரும் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் இறக்கை செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அடிச்சட்டம், அச்சு, பல்சக்கரம் எல்லாவற்றிலும் இவ்வளவு யோசித்தவர்கள் இதை யோசிக்காமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோபம் அதோடு நிற்கவில்லை. இறக்கை இல்லாமல் ஓட்டினால் கார் இன்னும் நன்றாக ஓடுகிறது. நிஜக் காரில் காற்று அந்த இறக்கையை அழுத்தி டயரைத் தரையில் பதிக்கும். இந்த அளவில், இந்த வேகத்தில், காற்றுக்கு அந்தப் பலம் கிடையாது. இங்கே அது பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் சுமை மட்டுமே. கழற்றி ஓட்டினால் 5.95 வருகிறது. கூட ஓட்டுகிறவர்கள், "விட்டுடுங்க, எதுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கீங்க" என்கிறார்கள். இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். வளைவில் அது சாயும்போது என் கண் அந்த வெறும் இடத்துக்கே போனது. இறக்கை இல்லாத 962-ஐ 962 என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மற்ற கார்களையும் சொல்லிவிடுகிறேன். மினி கூப்பர் பார்க்க ஆசையாக இருக்கும். நீளம் குறைவு, உயரம் அதிகம், வளைவில் உருளும். ஃபோர்டு ஜிடி40-இல் மோட்டார் குறுக்கே படுத்திருக்கும். தாழ்ந்த உடம்பு, வாலில் ஒடிய ஒன்றும் இல்லை. என்னுடையது எத்தனையோ முறை சுவரில் மோதியும் ஒரு கண்ணாடிதான் போயிருக்கிறது. 962 தருகிற அந்த அரை விநாடி அதில் கிடைக்காது.

ஆகவே நண்பரே, ஜிடி40 வாங்குங்கள். 962சி வேண்டாம், முதல் காராக வேண்டவே வேண்டாம்.

இந்த முறை காய்ந்தாலும் கொஞ்சம் இளகியே இருக்கும் பசையைப் போட்டிருக்கிறேன். முழுசாகப் பிடிக்க ஒரு நாள் ஆகும். நாளை சாயங்காலம் நூலைப் பிரித்துவிட்டு, அந்த இடப்பக்க வளைவுக்குத்தான் முதலில் போகப் போகிறேன்.