தாடை அசைவை அளந்ததாகப் பில் போட்டார்கள்; கையில் கிடைத்தது கோடு போட்ட எக்ஸ்ரே

கும்பகோணத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் தாயாருக்குக் கடைவாய்ப் பற்கள் அனைத்துக்கும் கேப் போட்டோம். பல ஆண்டுகள் வெற்றிலை பாக்கு மென்றதில் அவருடைய பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தன. பில்லில் "கம்ப்யூட்டர் தாடை மூட்டு அசைவுப் பதிவு" என்று தனியாக ஒரு பெருந்தொகை இருந்தது. அப்படி ஒரு பதிவு நடக்கவே இல்லை என்பதால், இதே சிகிச்சைக்குச் செல்லவிருக்கும் நம் பகுதியினருக்காக இதை எழுதுகிறேன்.

கேப் ஒட்டிய பின் வாயை நேராக மூடிக் கடித்தால் சரியாகவே இருந்தது. ஆனால் மெல்லும்போது வலப்பக்கம் இடித்தது. காதுக்கு முன்னால் வலி தொடங்கியது. சில வாரங்களில் கடைசிப் பல்லின் கேப்பில் செராமிக் பெயர்ந்து, அடியிலிருந்த சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். அசைவுப் பதிவின் ரிப்போர்ட்டை வற்புறுத்திக் கேட்டபோது ஓர் உறையைக் கொடுத்தார்கள். அதில் இருந்தது ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டுவது), இரு புறமும் பென்சிலால் கோடு இழுத்து, இரண்டிலும் 40 டிகிரி என்று எழுதியிருந்தார்கள்.

தஞ்சாவூரில் செயற்கைப்பல் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் அதைக் காட்டினோம். கீழ்த்தாடை முன்னால் நகரும்போது அதன் மூட்டு முனை காதருகே உள்ள எலும்புச் சரிவில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்குப் பின்பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். லேபில் தாடையின் இடத்தில் நிற்கும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் அந்தக் கோணத்தை உண்மையைவிட அதிகமாக வைத்துவிட்டால், கேப்பின் முகடுகள் உயரமாக அமைந்து வாய்க்குள் இடிக்கும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைத்தான் காட்டும். எலும்புக்கும் மூட்டு முனைக்கும் இடையே உள்ள குருத்தெலும்புத் தட்டையோ தசைகளின் இழுப்பையோ அது காட்டாது. ஆகவே எக்ஸ்ரே கோணம் பெரும்பாலும் வாயில் எடுக்கும் அளவைவிடக் கூடுதலாகவே வரும் என்றார் மருத்துவர். போதாததற்கு, ஓ.பி.ஜி.யில் கன்ன எலும்பின் கீழ்விளிம்பும் மூட்டுச் சரிவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எங்கள் படத்தில் வலப்புறக் கோடு கன்ன எலும்பின்மேல் போயிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

பிறகு ஃபேஸ்போ என்ற முகச் சட்டத்தை வைத்து மேல்தாடைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்து, தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்திச் சிலிகான் பசையில் கடிக்கச் செய்து அந்தச் சரிவின் கோணத்தை அளந்தார். வலப்புறம் 25, இடப்புறம் 30 டிகிரி வந்தது. மெழுகிலும் இதைச் செய்வதுண்டு. ஆனால் நம் ஊர் வெயிலில் பஸ் பார்சலில் திருச்சி லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் மெழுகு வளைந்துவிடக்கூடும் என்பதால், சிலிகானைக் கேட்டு வாங்குவது நல்லது. இந்த முறையிலும் குறை உண்டு: வளைந்து செல்லும் பாதையில் ஒரே ஒரு புள்ளியைத்தான் அது பதிவு செய்கிறது.

முழுப் பாதையையும் பதிவு செய்வது எலக்ட்ரானிக் கருவிதான். அதற்குக் கீழ்ப்பற்களில் ஒரு தாங்கியை ஒட்டி, தலையில் சட்டம் மாட்டி, முன்னும் பக்கவாட்டிலும் தாடையைப் பலமுறை அசைக்கச் சொல்வார்கள். முடிவில் இரு பக்கத்துக்கும் தனித்தனி வரைகோடு கிடைக்கும். இவற்றில் எதுவும் என் தாயாருக்குச் செய்யப்படவில்லை. எல்லோருக்கும் அந்தக் கருவி தேவையில்லை. ஓரிரு கேப்புகளுக்கு அது வீண் செலவு. செய்யாததற்குப் பணம் வாங்கியதும், இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்ததும்தான் எங்கள் புகார்.

இப்போது தற்காலிக அக்ரிலிக் கேப்புகள் போட்டு, மெல்லுவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவருகிறோம், வலி குறைந்திருக்கிறது. பில், எக்ஸ்ரே, பெயர்ந்த செராமிக் துண்டு ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். உங்கள் பில்லிலும் இப்படி ஒரு வரி இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வரைகோட்டின் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.