பதிவு பெற்ற ஏலச் சீட்டு: 25 மாதம் கட்டி முடித்த அனுபவம்

ஈரோட்டில் வீட்டு மாடியில் நாலு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு போய்விடும், பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்களுக்குச் சீட்டுதான் பேங்க். ஒரு பதிவு பெற்ற கம்பெனியில் 5 லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றைப் போன மாதம் கட்டி முடித்தேன். 25 பேர், மாதம் 20,000. மாதா மாதம் ஏலத்தில் யார் அதிகத் தொகையை விட்டுக்கொடுக்கிறாரோ (தள்ளுகிறாரோ), அவருக்கு மீதிப் பணம். தள்ளியதில் கமிஷன் போக மிச்சத்தை எல்லோருக்கும் பிரிப்பார்கள், அந்தப் பங்குதான் கசர். சேரலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் தெருச் சீட்டுதான் கட்டினேன். நடத்தியது பக்கத்துத் தெரு அக்கா. மாதம் 5-ஆம் தேதி அவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் எங்கள் பேர், அவ்வளவுதான் ஆவணம். கையெழுத்துகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நிற்க முடியாது, பிள்ளைக்குச் சம்பந்தம் பேச முடியாது. அந்தப் பயமும் மரியாதையும் போதுமானதாக இருந்தது.

என் அண்ணன் மகன் பொருளாதாரம் படிக்கிறான். "அத்தை, உங்க சீட்டே சாட்சி. சந்தைக்கு அரசாங்கம் தேவையில்லைங்க" என்பான். 1088-இல் சுமத்திராவின் பாரூஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவையும் இழுப்பான். கடல் கடந்து போய்த் தங்கள் வணிக விதிகளைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள் என்று. அவன் சொல்வதில் பாதி நிஜம். ஐந்நூற்றுவருக்குச் சொந்தமாக ஆயுதம் ஏந்திய வீரர்களும் இருந்தார்கள் என்று அவனே ஒருநாள் சொன்னான். விதியை மீறினால் தட்டிக் கேட்க ஆள் வேண்டும் என்கிற அந்த மீதிப் பாதியைத்தான் நான் அனுபவித்தேன்.

அக்காவின் சீட்டு நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் 25 பேர் 60 பேரானார்கள். பாதிப் பேர் யார் வீட்டார் என்றே எங்களுக்குத் தெரியாது. மூன்று பேர் முதலிலேயே சீட்டை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அக்கா தன் வளையலை விற்றுக் கொஞ்ச நாள் ஈடுகட்டினார். அப்புறம் ஒரு காலையில் அந்த வீடு பூட்டியிருந்தது. அவரைத் திருடி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கசர் போக 61,000 ரூபாய் கட்டியிருந்தேன். யாரிடம் எதைக் காட்டிக் கேட்பது? நோட்டும் அவரோடு போய்விட்டது.

சரி, கம்பெனிக்கு வருகிறேன். சேரும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். அதில் அரசின் சீட்டுப் பதிவாளர் கொடுத்த அனுமதி ஆணையின் எண் இருந்தது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் கம்பெனி முதலிலேயே கட்டியாக வேண்டும். ஏலம் நடந்ததும் அதன் குறிப்பு பதிவாளருக்குப் போகும். தகராறு வந்தால் அவரிடமே முறையிடலாம். சீட்டு நடத்துவதற்குக் கம்பெனி எடுக்கும் கமிஷனின் உச்சவரம்பை 2019 திருத்தத்தில் 5-லிருந்து 7 சதவீதமாக்கினார்கள். என் சீட்டில் 5 சதவீதம்தான் எடுத்தார்கள்.

ஏழாவது மாத ஏலத்தில் நான் எடுத்தேன். ஒன்பது பேர் வந்திருந்தோம். மேசைமேல் கடிகாரம், ஐந்து நிமிஷம். எண்பதாயிரம் தள்ளுவதில் ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்காரர் "ஒண்ணு அஞ்சு" என்றார். உள்ளங்கை வியர்க்க நான் "ஒண்ணு பத்து" என்றேன். யாரும் மேலே போகவில்லை. 1,10,000 தள்ளி 3,90,000 எனக்கு. தள்ளியதில் கமிஷன் 25,000 போக மீதி 85,000-ஐ 25 பேருக்கும் பிரித்தார்கள். தலைக்கு 3,400 கசர். அடுத்த மாதம் 20,000-க்குப் பதில் 16,600 கட்டினேன். கணக்கு ரசீதிலேயே அச்சாகியிருந்தது.

பெரிய குறை ஜாமீன். பணம் எடுத்த பிறகும் மீதி மாதங்களைக் கட்டுவேன் என்பதற்கு, மாதச் சம்பளக்காரர் இரண்டு பேரைக் கொண்டு வா என்றார்கள். தையல்காரிக்கு அப்படி இரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள்? ஒரு டீச்சர் ஒத்துக்கொண்டார், இன்னொருவருக்கு மூன்று வாரம் அலைந்தேன். பணம் கையில் வர ஒரு மாதம் ஓடிவிட்டது. தெருச் சீட்டில் அன்று ராத்திரியே எண்ணிக் கொடுப்பார்கள். அவசரச் செலவுக்கு இதை நம்பாதீர்கள். நகை ஜாமீன் வைக்க முடிந்தால் சீக்கிரம் நடக்கும்.

அடுத்த சீட்டுக்கும் இங்கேயே பேர் கொடுத்திருக்கிறேன். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க் குலுக்கல் சீட்டு ஒன்றும் போடுகிறோம். பத்துப் பேரின் வீட்டுக் கதவும் எனக்குத் தெரியும். பதினோராவது ஆளாகச் சேர ஒருவர் போன வாரம் கேட்டார். கம்பெனி விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.